கம்ப்யூட்டர் மறுத்த கச்சேரி

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று என்னுடையது, எதிரே இருப்பது சங்கரன் சாருடையது. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லிஃப்ட் என்ற பெயரில் ஓர் இரும்புக் கூண்டு தொங்கிக்கொண்டிருக்கும் பழைய அடுக்ககம். நான் டெலிபோன்ஸில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள். அந்த ஒரு பாவத்துக்காக, வீட்டில் எது மக்கர் செய்தாலும் அவர் என் வாசலில் வந்து நிற்பார். "டெலிபோன்ஸ்ல இருந்தேளே மேடம், இது தெரியாதா?" என்பார். நான் இருந்தது விசாரணைப் பிரிவில், கேட்டவர்களுக்கு நம்பர் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். டெலிபோனைத் தொட்டவளுக்குச் செல்ஃபோன் தெரியாமல் போகுமா என்பது அவர் கட்சி.

சங்கரன் சார் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். என்ன அதிகாரி என்று கேட்டால், மீட்டிங் ஏற்பாடு செய்கிற அதிகாரி என்றுதான் எனக்குப் புரிந்தது. யார் யார் எந்த அறையில் எத்தனை மணிக்கு உட்கார வேண்டும் என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறார். ஓய்வு பெற்ற மறுநாளே உட்காரவைக்க ஆளில்லாமல் போய்விட்டது. பழகின கை சும்மா இருக்குமா? வீட்டைப் பிடித்துக்கொண்டது.

அவர் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதை அவர் அணைப்பதே இல்லை. அணைத்தால் திரும்ப எழுந்திருக்குமோ என்று பயம். அதில் ஒரு மெயில் ப்ரோக்ராம், அந்த மெயிலோடு ஒட்டிக்கொண்டு ஒரு காலண்டர். அந்தக் காலண்டரில்தான் அவர் குடும்பம் நடத்தினார். தண்ணீர் மோட்டார் போடும் நேரம், காஸ் புக் செய்யும் தேதி, அமாவாசைத் தர்ப்பணம், ஏகாதசி, பேரனின் பிறந்தநாள், சித்தப்பாவின் மாமனார் திதி என்று எல்லாம் அதில் இருக்கும். வீட்டு வேலைக்குப் பச்சை, கோயிலுக்கு மஞ்சள். சிவப்பு நிறம் ராகு காலத்துக்கு.

வாரத்தின் ஏழு நாட்களுக்கும் ஏழு ராகு காலங்களைத் தன் கையாலேயே அடித்து ஏற்றியிருந்தார். "முடிவுத் தேதி" என்று கம்ப்யூட்டர் கேட்ட இடத்தில் "இல்லை" என்று போட்டிருந்தார். ராகுவுக்கு ஏது ரிடையர்மென்ட்? அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் "அலுவலில் இருக்கிறார்" என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். உண்மையில் ஈஸிசேரில் இருப்பார்.

ராகு காலத்தில் அவர் வாசல்படி தாண்டி நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே வெளியே போயிருந்தால் பாதகமில்லை, கிளம்பத்தான் கூடாது. அவசரமாகப் போயே ஆகவேண்டும் என்றால் அதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். ராகு காலம் பிறப்பதற்கு முன்னாலேயே தன் குடையைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிடுவார். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். குடை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பின மாதிரிதான். இப்படிக் கிளம்பிய அவருடைய குடை எத்தனையோ நாள் என் செருப்பு ஸ்டாண்டில் கிடந்து தூங்கியிருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எங்கள் சங்கச் செயலாளர் புகழேந்தி பெருங்குடியில் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர். மொட்டைமாடி ஒழுகுகிறது என்று நேரில் சொன்னால் போதாது அவருக்கு. "மாடி ஒழுகல், ஞாயிறு மாலை ஐந்து மணி, வருவீர்களா?" என்று எல்லோருக்கும் மெயிலில் அழைப்பு அனுப்புவார். வருவேன், வரமாட்டேன் என்று அதிலேயே பொத்தான் இருக்கும். சங்கரன் சாருக்கு இந்தக் கூட்டங்கள் வேப்பங்காய். தான் ஏற்பாடு செய்யாத கூட்டத்துக்கு அவர் எப்படிப் போவார்? ப்ரோக்ராமைக் குடைந்து குடைந்து ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். அழைப்பில் உள்ள நேரத்தில் காலண்டரில் ஏற்கெனவே ஏதாவது வேலை இருந்தால், கம்ப்யூட்டர் தானாகவே "வரமாட்டேன்" என்று பதில் போட்டுவிட்டு, அந்த அழைப்பைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிடும். நம்மைக் கேட்கவே கேட்காது.

அந்தப் பதிலின் வாசகத்தையும் அவரே இயற்றினார். என்னையும் மனைவி நீரஜாவையும் உட்காரவைத்துப் படித்தும் காட்டினார். "தாங்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அலுவல் இருப்பதால் வர இயலாமைக்கு வருந்துகிறேன்."

"எப்படி மேடம்? கண்ணியமா இருக்கோல்லியோ?"

"பிரமாதம் சார். யாருக்கும் கோபமே வராது" என்றேன். இப்போது நினைத்தால் வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீரஜாவைப் பற்றிச் சொல்லவில்லையே. அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மனுஷி. நன்றாகப் பாடுவாள். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, ஆனால் எதிர் வீட்டிலிருந்து அவள் குரல் வந்தால் குக்கரின் விசிலைக்கூட நான் எண்ணுவதில்லை. சிறு வயதிலிருந்து பாட்டு. ஆனால் மேடையில் அவளை ஊர் பார்த்ததெல்லாம் பின்னால் தம்புராவோடுதான். குருவுக்குப் பின்னால், குருவின் பெண்ணுக்குப் பின்னால், அப்புறம் அந்தப் பெண்ணின் சிஷ்யைகளுக்குப் பின்னால். மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. தம்புரா மாமி என்றால் தெரியும். சங்கரன் சாரின் அத்தனை நிறக் காலண்டரில் அவள் பெயரில் ஒரே ஒரு வரிதான் நான் பார்த்திருக்கிறேன்: "நீரஜா, பல் டாக்டர்." அவள் சாதகம் செய்யும் நேரத்தில் அதில் பச்சையாக "மோட்டார்" என்று இருக்கும். அந்த மோட்டார் போடுகிற இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடித்தான் அவளுக்கு அப்படியொரு சாரீரம் வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன வருஷம் அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். என்னிடம் மட்டும் சொன்னாள். லஸ் பக்கத்தில் ஒரு சபாவில், டிசம்பர் சீசனில் மத்தியான நேரத்துக்குப் புதுப் பாடகர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாடிப் பதிவு செய்து விண்ணப்பித்துவிட்டாள்.

"அறுபது வயசுல புதுப் பாடகின்னு போட்டிருக்கேன், சாரு. சிரிக்காதே."

நான் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் மெயில் முகவரி கேட்டிருந்தார்கள். அவளுக்கென்று ஒன்று கிடையாது. அந்த மாதிரி வீடுகளில் குடும்பத்துக்கு ஒரே மெயில், அதுவும் ஐயாவின் பெயரில்தான் இருக்கும். அதையே கொடுத்துவிட்டாள். பிறகு பயந்துகொண்டே கணவரிடமும் சொன்னாள். அவர் பெரிய மனது பண்ணி, "வரட்டும், வந்தா காலண்டர்ல போட்டுக்கலாம்" என்றார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் டொரண்டோவில் இருக்கும் பையன் ஷ்ரவண் லீவில் வந்தான். தான் அங்கே ஒரு வருஷம் வைத்திருந்த ஃபோனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு போனான். கம்ப்யூட்டரில் உள்ள காலண்டர் முழுக்க ஃபோனிலும் வரும்படி இரண்டையும் இணைக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுவிட்டுப் போனான் என்றுதான் சொல்ல வேண்டும்.

இணைத்தார். முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. இரண்டாம் நாள் எல்லாமே வந்தது, ஆனால் இரண்டிரண்டாக வந்தது. ஒன்றை ஃபோனில் அழித்தால் கம்ப்யூட்டரிலிருந்து திரும்ப வந்துவிடும். கம்ப்யூட்டரில் அழித்தால் ஃபோன் அதைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடும். அதைவிட விசித்திரம், நேரமெல்லாம் கன்னாபின்னாவென்று இருந்தது. புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிறக்க வேண்டிய ராகு காலம் ஃபோனில் விடியற்காலை ஒன்றரைக்கு இருந்தது.

ஃபோனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ராத்திரி ஒன்றரைக்கு ராகு காலம்னா, அந்த நேரத்துல எவன் மேடம் வெளியில கிளம்பறான்?"

"திருடன் சார்" என்றேன்.

அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை. கஸ்டமர் கேருக்குப் பேசினார். ஒரு பெண் குழந்தை மாதிரிக் குரலில், "தங்கள் பொறுமைக்கு நன்றி சார், ஃபோனை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள் சார்" என்றது. அணைத்துப் போட்டார். காத்திருக்கும்போது போட்ட இசையை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நீரஜா, "மோகனம் மாதிரி இருக்கு, ஆனா ஸ்ருதி சேரலை" என்றாள். இணைப்பு அறுந்துபோனது. புகழேந்தியைக் கேட்டார். அவரும் அணைத்துப் போடச் சொன்னார். இதைச் சொல்லத்தான் பெருங்குடி வரை தினம் போய் வருகிறாரா என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் ஸ்டேஷன் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் சேட்டுவிடம் போனார். துணைக்கு நானும் போனேன், டெலிபோன்ஸ் ஆயிற்றே.

சேட்டு இரண்டு நிமிஷம் ஃபோனைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். "இன்னா சார் நீ, கம்ப்யூட்டரும் ஓனரு, ஃபோனும் ஓனருன்னு வுட்டு வெச்சுக்கீற. ஒரு வூட்டுக்கு ரெண்டு ஓனரு கீறானா? யாரு ஓனருன்னு நீ சொல்லு, அடுத்தது வேலைக்காரன். செட் பண்ணிக் குடுத்துர்றேன்."

"கம்ப்யூட்டர்தான்" என்றார் சங்கரன் சார், சந்தேகமே இல்லாமல்.

சேட்டு எதையோ அழுத்தினான். அன்று மாலையிலிருந்து எல்லாம் மூன்று மூன்றாக வந்தது. மறுநாள் போய்ச் சண்டை போட்டதற்கு, "மூணு தபா வந்தா நல்லதுதானே நைனா, மறக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டான்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஃபோன் நேரத்தைத் தப்பாகக் காட்டினாலும் மணியைச் சரியான நேரத்தில்தான் அடித்தது. புதன்கிழமை ராகு காலம் விடியற்காலை என்று திரையில் இருக்கும், ஆனால் மத்தியானம் சரியாகப் பன்னிரண்டுக்கு "ராகு காலம் ஆரம்பம்" என்று மூன்று தடவை அலறும். ஆகையால் கம்ப்யூட்டரிலிருந்து வருவதைத்தான் ஃபோன் தப்பாகப் படிக்கிறது, ஃபோனிலேயே நேராக அடித்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்தார். சோதித்தும் பார்த்தார். ஃபோனில் நேராக "காஸ், காலை பத்து" என்று அடித்தார், பத்து என்றே காட்டியது. காட்டினது போதுமென்று இருந்துவிட்டார். மணி அடித்ததா என்று பார்க்கவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நீரஜா காத்துக்கொண்டிருந்தாள். தினமும் காபி கொடுக்கும்போது கேட்பாள்.

"ஏன்னா, சபாலேர்ந்து மெயில் வந்துதா?"

"வரலையே. வந்தா மூணா வந்திருக்குமே."

கார்த்திகை பிறந்தது. சீசன் பட்டியல் பேப்பரில் வர ஆரம்பித்தது. நீரஜா கேட்பதை நிறுத்திவிட்டாள். சாதகத்தையும் நிறுத்திவிட்டாள். மோட்டார் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லைன்னா இல்லைன்னு அவன் வாயாலயே சொல்லட்டும், வா" என்று அவளை இழுத்துக்கொண்டு சபாவுக்கே போனேன்.

சபாவின் செயலாளர் ஃபோனில் ஸ்பான்சரிடம் குழைந்துகொண்டிருந்தார். முடித்துவிட்டு நீரஜாவைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

"வாங்கோ மாமி. நாங்க கூப்பிட்டா வரமாட்டேன்னுட்டு, இப்போ எங்கே இந்தப் பக்கம்?"

நீரஜாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அவர் தன் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். இப்போதெல்லாம் சபாக்களும் கம்ப்யூட்டர்மயம், கேண்டீன் டோக்கனைத் தவிர. பாடுகிறவர்களுக்கும் காலண்டர் அழைப்புதான் அனுப்புகிறார்களாம். நீரஜாவுக்கும் போயிருக்கிறது. மார்கழி முதல் புதன், மத்தியானம் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. கீழே பதிலும் இருந்தது. தாங்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அலுவல் இருப்பதால்.

"அனுப்பிச்ச கை எடுக்கலை, பதில் வந்துடுத்து. அவ்வளவு கிராக்கியான்னு நெனச்சுண்டேன்" என்றார் செயலாளர்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகூட இல்லை, பூசாரி வாங்கி வைத்த மிஷின். நான் நீரஜாவைப் பார்த்தேன். அவள் அந்த வாசகத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நேரம் யாருக்குக் கொடுத்தீங்க சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"யாருக்குக் கொடுக்கறது? நாலு பேரைக் கேட்டேன். புதன்கிழமை பன்னிரண்டு, முழுசா ராகு காலம். முதல் கச்சேரிய அதுல யாரும் பண்ண மாட்டேன்னுட்டா. காலியாத்தான் கெடக்கு. மைக் செட்காரன் சாப்பிடப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"நான் பாடறேன்" என்றாள் நீரஜா.

"ஆத்துல கேட்டுண்டு..."

"நான் பாடறேன்னேன்."

வீட்டுக்கு வந்ததும் விஷயம் தெரிந்து சங்கரன் சார் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியைக் கிளறினார். சபாவின் அழைப்பு, மாடி ஒழுகல் இரண்டுக்கும் மாடி ஒழுகல் மூன்றுக்கும் நடுவில் கிடந்தது. மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் வருத்தம் ஆறுவதற்குள் பழைய ஆள் எழுந்துவிட்டார்.

"நேரத்தை மாத்திக் கேட்டிருக்கலாமே, நீரஜா? முதல் கச்சேரி. போயும் போயும் ராகு காலத்துலயா?"

நீரஜா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை. "கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க காலத்துலதானே இருந்துண்டிருக்கேன். ஒன்றரை மணி நேரம் ராகுவோட காலத்துல இருந்துட்டு வரேனே" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தம்புராவை எடுத்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சங்கரன் சார் தானாகவே எழுந்து போய் அதை அணைத்தார். அன்று மாடித் தொட்டி நிரம்பாமல், மேல்வீட்டுக்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

அந்தப் புதன்கிழமை வந்தது. நீரஜா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். அவளோடு நான் பத்தரைக்கே ஆட்டோவில் கிளம்பிவிட்டேன். சங்கரன் சாரும் கூட வருகிறேன் என்றார். "நீங்க பின்னாடி வாங்கோ, முன்னாடியே வந்தா மைக்காரனுக்கு அட்வைஸ் பண்ணுவேள்" என்று அவள் தடுத்துவிட்டாள். அவரும் சரியென்றார். கம்ப்யூட்டரை நம்பி ஒருமுறை பட்டது போதுமென்று, முந்தின நாளே ஃபோனில் நேராக அடித்து வைத்திருந்தார்: காலை பதினொன்றே கால், நீரஜா கச்சேரி, உடனே கிளம்பவும். பதினொன்றே காலுக்குக் கிளம்பினால் ராகு பிறக்க முக்கால் மணி இருக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட தெருக்களையெல்லாம் சுற்றி வந்தாலும் லஸ்ஸுக்குத் தாராளமாகப் போய்விடலாம்.

மத்தியானக் கச்சேரிக்கு வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கேண்டீனில் சாம்பார் தயாராகும்வரை காத்திருப்பவர்கள் பாதி. ஏசிக்காக வந்து கண்ணை மூடிக்கொண்டவர்கள் மீதி. அவர்கள் தூங்குகிறார்களா ரசிக்கிறார்களா என்று வாய் திறந்த பிறகுதான் தெரியும். திரை விலகியது. இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்தவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்து இடம் போட்டிருந்தேன். நீரஜா அந்தக் கைப்பையைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். பிறகு வயலின்காரப் பெண்ணுக்குத் தலையசைத்துவிட்டு வர்ணத்தை ஆரம்பித்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நன்றாகத்தான் பாடினாள், ஆனால் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் கண் வாசலுக்குப் போய்வந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரின் திதிக்கும் மணி அடித்து வைக்கிற மனுஷன், கட்டினவளின் கச்சேரிக்கு வரவில்லை என்றால் என்ன சொல்வது? ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை.

அவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அப்புறம்தான் சொன்னார். பத்தரைக்கே மயில்கண் வேஷ்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டுத் தயாராகிவிட்டார். மணி அடிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அன்றைய ராகு காலத்தை அழிக்க ஆரம்பித்தார். ஆமாம், அழிக்கத்தான். மனைவியின் முதல் கச்சேரி நாளில் காலண்டரிலாவது ராகு இல்லாமல் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். ஒன்றை அழித்தால் ஃபோனிலிருந்து இரண்டு வந்தது. அந்த இரண்டை அழித்தால் பழையது வந்தது. விடாப்பிடியாக அழித்துக்கொண்டே இருந்தார். எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. ஃபோன் அடிக்கும் என்று இருந்தவர் அதை ஏன் பார்க்கப் போகிறார்?

ஃபோன் அடித்தது. "ராகு காலம் ஆரம்பம்" என்றது. நிமிர்ந்து பார்த்தால் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு.

கிளம்பச் சொல்லி மணி அடிக்கவே இல்லை. ராகு பிறந்தாகிவிட்டது. வெளியே காலை வைக்கக் கூடாது. ராகு முடிகிற நிமிஷம்தான் கச்சேரியும் முடிகிறது. குறுக்கு வழிக்கும் வழியில்லை, குடையை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டிய என் வீடு பூட்டிக் கிடந்தது. வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தாராம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "தெரியலை மேடம், ஃபோனைப் பார்க்கலை" என்றார்.

சபாவில் நீரஜா அடுத்த பாட்டுக்கு ஆலாபனை ஆரம்பித்திருந்தாள். பக்கவாட்டுக் கதவு திறந்தது. வெயில் ஒரு கீற்றாக உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அங்கவஸ்திரம் தரையில் புரள, வேர்த்து விறுவிறுத்து, காலில் செருப்புகூட இல்லாமல் சங்கரன் சார் நின்றார். நீரஜா பார்த்தாள். பிறகு மேடைக்கு எதிரே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மந்தைவெளியிலிருந்து லஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா? அவர் எந்த நேரத்தில் படி தாண்டியிருக்கிறார் என்பது அவளுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது. ஒரு மூச்சு நிறுத்தினாள். வயலின்காரப் பெண் குழம்பிப்போய் நிமிர்ந்தது. அப்புறம் மேல் ஸ்தாயிக்குப் போனாள் பாருங்கள், முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த இரண்டு பேர் விழித்து உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சங்கரன் சார் வந்து உட்கார்ந்தார்.

முடிந்ததும் நாலைந்து பேர் வந்து, "தம்புரா மாமிக்கு இப்படி ஒரு குரலா!" என்றார்கள். ஒருவர் மட்டும் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். செயலாளர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "அடுத்த வருஷமும் இதே நேரத்தை வெச்சுக்கறேளா மாமி? போட்டிக்கு யாரும் வரமாட்டா" என்றார்.

அன்று ராத்திரி நான் படுக்கப் போகும் நேரம், எதிர் வீட்டில் ஃபோன் அலறுவது கதவைத் தாண்டிக் கேட்டது. "நீரஜா கச்சேரி. உடனே கிளம்பவும்." மறுநாள் காலை நீரஜா வந்து மீதியைச் சொன்னாள். சங்கரன் சார் உடனே டொரண்டோவுக்குப் பேசியிருக்கிறார். ஷ்ரவண் விழுந்து விழுந்து சிரித்தானாம். ஃபோனின் கடிகாரம் சென்னைக்கு வந்துவிட்டது, ஆனால் அதற்குள் இருக்கும் காலண்டரை அவன் டொரண்டோ நேரத்திலேயே பூட்டி வைத்திருந்தது அப்படியே இருந்திருக்கிறது. ஆகவே சங்கரன் சார் அடித்த காலை பதினொன்றே கால் டொரண்டோவின் பதினொன்றே கால். அங்கே அந்த நேரம் வந்ததும் ஃபோன் ஒழுங்காகத் தன் கடமையைச் செய்துவிட்டது.

ஃபோனை வைத்துவிட்டுச் சங்கரன் சார் கட்டிலில் வந்து உட்கார்ந்தாராம். பிறகு மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"நீரஜா, நான் வர்றதுக்கு முன்னாடி ஒரு வர்ணம் பாடினியாமே. நான் கேக்கலை. இப்போ ஒருதரம் எனக்காகப் பாடேன்."

நீரஜா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடையில் பேசுவது போல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாளாம்: "தாங்கள் குறிப்பிட்ட நேரத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அலுவல் இருப்பதால், பாட இயலாமைக்கு வருந்துகிறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்து, விடியும்வரை நன்றாகத் தூங்கினாளாம்.